கல்யாண வகுப்பில் டொரத்தி சொன்னது

இயேசு மரி சூசை துணை
பொந்தியான்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து லாபிஸிலிருக்கும் அக்கா செல்வராணிக்குத் தம்பி மைக்கல் எழுதுவது. நானும் டொரத்தியும் நலம். அத்தானுடைய முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு இடம் கிடைக்காது, அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். எங்கள் கோயிலில் கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கு வகுப்பு நடத்துவது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தம்பதி பேச வேண்டும். பிள்ளைப்பேறு பற்றிப் பேசும் தம்பதி திடீரென்று சிங்கப்பூருக்குக் குடிபோய்விட, ஊருக்குப் புதிதான ஃபாதர் நேராக என்னிடம் வந்து, "நீங்க ரெண்டு பேரும் பேசிடுங்க" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று சொன்னால் பாவம் மனிதர் சங்கடப்படுவாரே என்று நினைத்தேன், வாய் அதற்குள் "சரி ஃபாதர்" என்று சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் டொரத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க பேசுங்க. நான் வர்றவங்களுக்குக் குவே பலகாரம் எடுத்துக் கொடுக்கறேன்" என்றாள்.

பூவை வைத்துச் சொன்னால் நாகரிகமாக இருக்கும் என்று வேலியோரத்துச் செம்பருத்தியில் ஒன்றைப் பறித்துக்கொண்டு போனேன். மகரந்தம், சூலகம், விதை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதற்குள் பூவிலிருந்த எறும்பெல்லாம் சட்டைக் கைக்குள் ஏறிவிட்டது. நான் இனப்பெருக்கத்தை விளக்கிக்கொண்டே நெளிய, முன்வரிசைப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க, நான் பதறிப்போய் மிருகங்களுக்குத் தாவினேன். மிருகங்களுக்கெல்லாம் பருவம் உண்டு, மனுஷனுக்கு மட்டும் வருஷம் முழுக்க ஆசை, பிள்ளை பிறக்காது என்று தெரிந்த வயதிலும் ஆசை, அது ஏன் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே பதில் தெரியாது என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்து ஜீவன் என்கிற மாப்பிள்ளைப் பையன் எழுந்து, "அங்கிள், பூவுக்கு ஓகே லா. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றான்.

நான் சட்டைக் கையிலிருந்த எறும்பை மும்முரமாகத் தட்ட ஆரம்பித்தேன். டொரத்தி குவே தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து மைக்கை வாங்கினாள். அவள் சொன்னதை உங்களிடம் யாரோ மசாலா தடவிச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளது உள்ளபடி இது:

"ஒண்ணும் இல்ல தம்பி. டாக்டர்கிட்ட போனோம், வேளாங்கண்ணிக்குப் போனோம், லாபிஸ்லருந்து எங்க அண்ணி அனுப்பின லேகியமெல்லாம் சாப்பிட்டோம். வரல. ஆனா வீட்ல நாங்க ரெண்டே பேருதான். அப்படியிருந்தும் இந்த மனுஷன் இன்னிக்கு வரைக்கும் ரூம் கதவத் தாழ்ப்பாள் போடாமப் படுத்ததில்ல. யாருக்குப் பயந்து போடறார்னு அவரையே கேளுங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "திருச்சபை ரெண்டு சொல்லுது, பிள்ளையும் சொல்லுது, புருஷன் பொஞ்சாதி ஒண்ணாகறதையும் சொல்லுது. நாமதான் ரெண்டாவதப் பேசறதே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அக்கா, "பிள்ளை பெறாதவளுக்கு இந்தப் பேச்சு என்னத்துக்கு" என்று நீங்கள் போனில் கேட்டது எனக்கு வலித்தது. டொரத்தியிடம் அதைச் சொல்லவில்லை. இனி வழியில்லை என்று டாக்டர் கையை விரித்த அன்று, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கடலோரம் குக்குப் வரைக்கும் போய் உட்கார்ந்தோம். அழுதோம், மீன் சாப்பிட்டோம், மறுபடியும் அழுதோம். நாள்காட்டி பார்த்துப் படுப்பது அதோடு நின்றது. உங்களுக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகுதான் நான் அவளை ஒழுங்காகப் பார்க்கவே ஆரம்பித்தேன். பிள்ளைக்காக மட்டும்தான் எல்லாம் என்றால் நாங்கள் அன்றைக்கே கட்டிலைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டுமே. போடவில்லை. சந்தோஷமாக இருக்கிறோம் அக்கா, நிஜமாகவே.

இருந்தாலும் நீங்கள் மூத்தவர். நீங்கள் சொன்னபடி வகுப்பிலிருந்து விலகிக்கொள்கிறோம். டொரத்தியையும் ஃபாதரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன். மாதா உங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி,
மைக்கல்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் மகள் வலேரி போன் செய்தாள். டிசம்பரில் கல்யாணம் இருக்கிறதே, அவளும் பிரையனும் எங்கள் வகுப்புக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். லாபிஸ் பக்கமே ஒரு வகுப்பு இருக்கிறதே என்றேன். "எங்க வீட்ல நாங்க அஞ்சு பிள்ளைங்க மாமா. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சிரிச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. அத்தைகிட்டயே கத்துக்கறேன்" என்றாள். அதனால் விலகுவது, மன்னிப்பு எல்லாவற்றையும் மேலே அடித்துவிட்டுப் படியுங்கள். கோபப்படாதீர்கள் அக்கா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பின்வரிசையில் இரண்டு நாற்காலி சேர்த்துப் போட்டு வைக்கிறேன்.