சந்திப் பிள்ளையாரின் முதல் ஹயர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எத்தனையோ தேசத்துக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஆனால் தினமும் கடவுளை ஏற்றி இறக்கும் வாகனம் என்று பார்த்தால், இந்த மாவட்டத்தில் அது முதல்ஹயருடைய பச்சை ஆட்டோ ஒன்றுதான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த ஆட்டோவில் கடவுளுக்குப் பக்கத்தில் இருந்து பயணம் செய்த ஒரே அரசாங்க ஊழியன் நான்.

முதல்ஹயர் என்பது பட்டப்பெயர், நாளின் முதல் வாடகைச் சவாரியை வைத்து வந்தது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கும். அவருடைய மனைவி பாக்கியத்துக்கே அது மறந்திருக்கும் என்பது என் சந்தேகம். லிங்கநகர்ச் சந்தியில்தான் ஆட்டோவை நிறுத்தியிருப்பார். காலையில் அவசரப்பட்டு ஓடிப்போய், "பஸ் ஸ்டாண்டுக்கு வாறீரோ?" என்று கேட்டால், மிகவும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொள்வார்.

"மன்னிக்கோணும் ஐயா, முதல் ஹயர் எடுத்தாச்சு."

எட்டிப் பார்த்தால் பின் சீட்டில் ஒரு குருவிகூட இருக்காது.

விஷயம் இதுதான். சந்தி அரசமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அவருடைய தாய், முதல்ஹயரின் தீர்ப்புப்படி, கடலோரச் சல்லிக் கிராமத்தில் இருக்கும் முத்துமாரியம்மன். "தாய் அங்க, பிள்ளை இஞ்ச. காலமை ஒருக்கா முகத்தையாவது பாக்க வேண்டாமோ?" என்பார். ஆகவே ஒவ்வொரு நாளும் ஆறரைக்குக் கற்பூரம் கொளுத்தி, "ஏறுங்கோ" என்று சொல்லி, பிள்ளையார் ஏறி வசதியாக இருக்கக் கொஞ்ச நேரம் கொடுத்து, சல்லிக்குக் கொண்டுபோய்த் தாயைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து மரத்தடியில் இறக்கிவிடுவார். மனிதர்களுக்கு ஆட்டோ அதற்குப் பிறகுதான். வருத்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக வந்தால் மட்டும் விதிவிலக்கு. "அவரே இறங்கி இடம் குடுத்திட்டார், நீங்கள் ஏறுங்கோ" என்பார்.

"பிள்ளையாருக்குச் சொந்த வாகனம் இருக்குத்தானே காணும்?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"ஐயா, அது எலி. சல்லி ரோட்டில எலியில போக ஏலுமோ?"

நான் நடையைக் கட்டினேன். இருபத்தைந்து வருடம் அரசாங்கக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவன் நான்!

ஓட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். வெற்று ஆட்டோவுக்குள் முன்னால் பார்த்தபடியே கதைத்துக்கொண்டு போவார். "பிடிச்சுக்கொள்ளுங்கோ, குழி வருது... ஆ, இனிப் பயமில்லை." பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் சாமிப் படங்களும் விபூதிப் பொட்டலங்களும் ஒட்டி ஒட்டி, கண்ணாடி என்று சொல்ல ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "பின்னால இருக்கிறவரை நான் பாக்கத் தேவையில்லை ஐயா. அவர் என்னைப் பாத்தாக் காணும்" என்று விளக்கம் வரும்.

ஒருமுறை போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். "ஆளில்லாம ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்டார். "ஆளில்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று இவர் திருப்பிக் கேட்டார். வாயை ஊதிக் காட்டச் சொன்னாராம். விபூதி மணம்தான் வந்தது. பொலிஸ்காரர் பின் சீட்டை ஒருதரம் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், போ என்று கையைக் காட்டினார். தொப்பியைக் கழற்றியது கும்பிடத்தான் என்று முதல்ஹயர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

கடற்கரைப் பக்கத்து ஹொட்டல் மனேஜர் கதை இதைவிட மோசம். வெள்ளைக்காரர்களைத் திமிங்கிலம் பார்க்கக் கொண்டுபோக விடியக்காலையில் ஆட்டோ வேண்டும், சீசன் முழுக்க நிரந்தர வேலை. மற்ற ஆட்டோக்காரர் எல்லாம் வாயில் வீணி வடிய நின்றார்கள். மனேஜருக்குப் பிடித்தது இவருடைய நிதான ஓட்டம்.

"அந்த நேரம் ஏலாது சேர். வேற ஒருத்தர் புக் பண்ணியிருக்கிறார்."

"ஆர்? நம்பரைத் தாங்கோ, நான் அவரோட கதைக்கிறன்."

"அவர் போன் பாவிக்கிறேல்ல."

"பெரிய ஆளோ?"

"ஓம் சேர், பெரிய ஆள்தான். வயிறும் பெருசு."

மனேஜர் யாரோ அமைச்சரின் சொந்தக்காரர் என்று நினைத்துப் பேசாமல் போய்விட்டார். வேலை அடுத்த ஆட்டோக்காரருக்குப் போனது. பாக்கியம் மூன்று நாள் இவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினா. "ஐயா, இந்த மனுசனுக்கு நீங்களாவது சொல்லுங்கோ! குசினிக்குள்ள அரிசி வாளி கவிண்டு கிடக்கு, இவர் பிள்ளையாருக்கு ஊர் காட்டுறார்!"

முதல்ஹயர் சிரித்துக்கொண்டு நின்றார். "முதல் நாங்கள் அவரைப் பாப்பம் பாக்கியம். பிறகு அவர் எங்களைப் பாப்பார்."

பார்த்தாரா என்று கேட்டால், ஓம், அவருடைய பாணியில் பார்த்தார். சல்லியில் மீன் காயப்போடும் பெண்கள், பிள்ளையாரைத் தாயிடம் கூட்டிவருகிற மனிதர் என்று இவருக்கு அடிக்கடி ஒரு பை சூடை மீன் கொடுப்பார்கள். இங்கேதான் சிக்கல். பிள்ளையார் சைவம். அவர் இருக்கிற வண்டிக்குள் மீனை வைக்கலாமோ? ஆகவே மீன் பையைக் கயிற்றில் கட்டி ஆட்டோவுக்குப் பின்னால் வெளியே தொங்கவிடுவார். உள்ளே பிள்ளையார், வெளியே சூடை, மேலே சல்லியிலிருந்து லிங்கநகர் வரைக்கும் காகக் கூட்டம். காகம் கத்தினால் எங்கள் வீட்டில் மணி ஏழரை.

நான் இதற்கு நேர் எதிர். எனக்கு உட்கார ஒரு கதிரை வேண்டியிருந்தது. நிர்வாக உத்தியோகத்தர் பதவி என்கிற கதிரை. நான் வேலை செய்த கந்தோரில் அந்தப் பதவிக் கதிரைக்குக் கைபிடி உண்டு, என்னுடையதற்கு இல்லை. அந்தக் கைபிடிக்காக நாலு வருடம் பரீட்சை பரீட்சையாக எழுதினேன். பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தேன். பல்லிளிக்க வேண்டிய இடத்தில் பல்லிளித்தேன். நித்திரை என்னை விட்டுப் போயே போய்விட்டது. "கோயிலில கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் நீங்கள் சுற்றுநிருபம்தான் பாடமாக்கிறீங்கள்" என்று மனைவி ஏசினா. உண்மைதான். அந்த ஆத்திரத்தை எல்லாம் காலையில் சந்தியில் முதல்ஹயர் மேல்தான் கொட்டுவேன். பாவம், வாங்கிக்கட்டிக்கொண்டு சிரிப்பார்.

கடைசியில் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. வயதெல்லைப்படி அதுதான் எனக்குக் கடைசித் தடவை. கிடைத்தால் கொழும்புக் கந்தோரில் கைபிடியுள்ள கதிரை, கிடைக்காவிட்டால் பென்சன் வரைக்கும் கைபிடியில்லாத கதிரை. உப்புவெளிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் காலை ஏழு மணிக்குள் பெயர் பதிய வேண்டும். பிந்தினால் இல்லை. உப்புவெளி சல்லிக்குப் போகிற வழி. முதல்நாளே முதல்ஹயரிடம் போனேன்.

"போற வழிதானே காணும், என்னையும் ஏத்திக்கொண்டு போம்."

"அவர் இருக்கேக்க எப்பிடி ஐயா? கேளாமல் ஏத்தலாமோ?"

"அப்ப கேளுமன்!"

மனிதர் உண்மையாகவே பின் சீட்டைப் பார்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "ஒண்டும் சொல்லேல்ல ஐயா."

"உமக்கு முழு விசர்!" என்று கத்திவிட்டு வந்தேன்.

கந்தோர்ச் சிநேகிதர் ஒருவர் மோட்டார்சைக்கிளில் ஏற்றுவதாகச் சொன்னார். விடிந்தால் மழை கொட்டுகிறது, சிநேகிதரின் டயரில் காற்றில்லை. குடையும் சான்றிதழ்ப் பையுமாகச் சந்திக்கு ஓடினேன். ஆறரை. வேறு ஒரு ஆட்டோகூட இல்லை. முதல்ஹயர் அரசமரத்தடியில், நனையாமல் கற்பூரம் கொளுத்தப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவின் இரண்டு பக்கமும் மழைக்குத் திரை இறக்கியிருந்தது.

எனக்குள் ஒரு சைத்தான் புகுந்தது. திரையைத் தூக்கி உள்ளே நுழைந்து, சாரலுக்குப் பயந்து வலப்பக்க மூலையில் ஒடுங்கிக்கொண்டேன். உப்புவெளியில் "நிப்பாட்டும்" என்று சொல்லி இறங்கினால் சரி, என்ன செய்துவிடப் போகிறார்? கண்ணாடியில் நான் தெரியமாட்டேன், அதில்தான் சாமிப் படங்கள் இருக்கின்றனவே. முதல்ஹயர் வந்தார், "ஏறியாச்சோ?" என்று கேட்டார், ஆட்டோவை எடுத்தார்.

"மழையெண்டும் பாக்காம வந்ததுக்கு நல்ல சந்தோசம்" என்று தொடங்கினார். நான் மூச்சுவிடவில்லை. பாக்கியத்தின் முழங்கால் நோவைச் சொன்னார். சல்லியில் கடலுக்குப் போனவர்கள் பத்திரமாக வரவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மற்றது, எங்கட கந்தோர் ஐயா. இண்டைக்கு அவருக்கு இன்டர்வியூ. ஏத்தச் சொல்லிக் கேட்டவர், நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல, நானும் ஏலாதெண்டிட்டன். அது மனசுக்குள்ள கிடந்து குத்துது. ஆள் கோவக்காரன்தான், வாயும் கொஞ்சம் கூட. ஆனா நல்ல மனுசன். நாலு வரியமா நித்திரை இல்லை அப்பு, கண்ணைப் பாத்தாலே தெரியும். அந்தக் கதிரை அவருக்கு நல்லதெண்டா குடுங்கோ. இல்லாட்டி நித்திரையையாவது குடுங்கோ. எதைக் குடுத்தாலும் இஞ்சயே வைச்சுக் குடுங்கோ. ஆளை ஊரை விட்டுக் கொண்டுபோயிடாதேங்கோ. எனக்கு ஏசுறதுக்கு வேற ஆர் இருக்கினம்?"

திரை இடுக்கால் பயிற்சி நிலையத்தின் மதில் தெரிந்தது. நிப்பாட்டச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்காக நான் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், ஒருநாளும் நித்திரை கேட்டதில்லை. அதை எனக்காக ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் முந்தினநாள் என்னிடம் விசர்ப் பட்டம் வாங்கிய மனிதர். மதில் போய்விட்டது. அதன் பிறகு சொல்ல வெட்கம். கடவுளுக்குச் சொன்ன கதையை ஒட்டுக்கேட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சல்லியில் ஆட்டோ நின்றது. "இறங்குங்கோ, அம்மா பாத்துக்கொண்டு..." என்றபடி திரையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், என் பக்கத்தைப் பார்த்தார்.

"அவர் எங்க?"

"இஞ்சதான்" என்றேன். "நான் ஓரமாத்தான் இருக்கிறன்."

"இடம் காணுமோ அவருக்கு? உடம்பு பெருசெல்லோ!" என்றவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது. "ஐயோ ஐயா, உங்கட இன்டர்வியூ!"

முதல்ஹயர் என் கண்முன்னால் தன் சட்டத்தைத் தானே முறித்தார். கோயில் வாசலுக்கு ஓடினார். "அம்மாளாச்சி, பிள்ளை கொஞ்சம் இஞ்ச நிக்கட்டும், ஒரு அவசரம், வந்து கூட்டிக்கொண்டு போறன்!" என்று கத்திவிட்டு வந்து, ஆட்டோவைத் திருப்பி, ஒரு குழியையும் விடாமல் அத்தனையிலும் இறக்கி ஏற்றிப் பறந்தார். பிடித்துக்கொள்ளுங்கோ என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சி நிலைய வாசலில் மணி ஏழேகால். பதிவுப் புத்தகத்தோடு ஒரு உத்தியோகத்தர் எழும்பிக்கொண்டிருந்தார். "ஏன் பிந்தினது?" என்று கேட்டார், இரக்கமாகத்தான் கேட்டார். நான் நல்ல பொய்யாக ஒன்று தேடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து முதல்ஹயர் பாய்ந்தார்.

"ஐயாவில பிழையில்லை சேர்! பிள்ளையாரைத் தாயோட விட்டிட்டு வரப் பிந்திப்போச்சு!"

உத்தியோகத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

மழைக்குள் நின்று கத்தினேன். "உம்மாலதான் காணும் எல்லாம் போச்சு!"

"நான் உங்களை ஏத்தினனானோ ஐயா?"

"இல்லை..."

"கேட்டா ஏத்தியிருப்பன். இண்டைக்கு அவர் ஓமெண்டுதான் சொல்லியிருப்பார். எனக்கு அப்பிடித்தான் பட்டது." கண் கலங்கியிருந்தார், மழையாகவும் இருக்கலாம். "சரி, வாங்கோ. அவர் அங்க பாத்துக்கொண்டு நிப்பார்."

வேறு எங்கே போவது? ஏறினேன். சல்லிக்குப் போய்ப் பிள்ளையாரைக் கூட்டிக்கொண்டு திரும்பினோம். நான் வலப்பக்க மூலையில். உப்புவெளி தாண்டும்போது கண் சொருகியது. நாலு வருடமாக வராத நித்திரை, பட்டப்பகலில், குலுங்குகிற ஆட்டோவுக்குள் வந்தது. பாதி நித்திரையில் முன்னாலிருந்து முதல்ஹயரின் குரல், மிகவும் மெதுவாகக் கேட்டது: "குழி வருது, ஆடாம இருங்கோ. ஐயா நித்திரை."

கைபிடியில்லாத கதிரையிலிருந்தே பென்சன் எடுத்தேன். நன்றாக நித்திரை வருகிறது. முதல்ஹயர் இன்னும் ஓடுகிறார். முதல் ஹயரில் எனக்கும் இப்போது இடமுண்டு, கேட்டுத்தான் ஏறுகிறேன். கலியாணம் முடித்துப்போன அவருடைய மகள் கனடாவிலிருந்து, அப்பா வந்துவிடுங்கோ, விசா அலுவல் நான் பார்க்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவரும் யோசிக்கிறார் போலத்தான் இருக்கிறது. ஆகவே தினமும் உப்புவெளி மதில் வரும்போது, அவருக்குக் கேட்காமல் பக்கத்து இடத்தைப் பார்த்து நானும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன்.

"இந்த ஆளை ஊரை விட்டுக் கொண்டுபோயிடாதேங்கோ. எனக்கு ஏசுறதுக்கு வேற ஆர் இருக்கினம்?"