வரப்பில் ஏறாதே என்றால் கைதட்டுகிறார்கள்

மரக்காணம்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

மிகுந்த மரியாதைக்குரிய மாமா செல்லப்பன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கலியமூர்த்தி, காலில் சேற்றைக்கூடக் கழுவாமல் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி ரேணுகாவும் நலம். உப்புப் பாத்தி நலமாக இல்லை. அங்கு கிளியனூரில் நீங்களும், சூர்யகலா அக்காவும், உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான், போனில் சொன்னால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மகன் பிரபாகரன் என் கொட்டகைக்கு வந்து தங்கிய நாளிலிருந்து, என் நம்பர் வந்தாலே நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவதாக அக்கா சொன்னாள். ஆனால் தபாலில் எது வந்தாலும் கடைசி வரி வரை படிப்பீர்களாம், அது உர விளம்பரமாக இருந்தாலும். ஆகவேதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனை வந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். என்னால் முடியவில்லை.

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு கிதாரும் கையுமாக வந்து நின்றவனிடம், அதைத் தூக்கிக்கொண்டு என் வாசற்படி ஏறாதே என்று நீங்கள் சொன்னீர்கள். அவன் நேராக இங்கே வந்தான். ரெண்டு நாள் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அந்த ரெண்டு நாள் இந்தப் பொங்கலையும் தாண்டிவிட்டது. குயிலாப்பாளையத்திலிருந்து இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு 'உவர்மண்' என்று ஒரு பேண்டு ஆரம்பித்தான். ரூட்ஸ் ராக்காம். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். "நம்ம ஊரு பாட்டுதான் மாமா, கரண்டுல வரும்" என்றான். சரி, கரண்டு பில் யார் கட்டுவது என்று கேட்க நினைத்து, அக்கா பிள்ளையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் இதே தை மாதத்தில், பாத்தி மிதிக்கும்போது, அதைப் பதிவு செய்கிறேன் என்று மேஸ்திரி திரௌபதியின் காலடியில் மைக்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஈரக் களிமண்ணில் பத்துப் பதினைந்து பேர் ஒரே தாளத்தில் மிதித்தால் ஒரு சத்தம் வரும், அது வேண்டுமாம். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் புதிதாக அணைத்த வரப்பின் மேல் பிரபாகரன் செருப்போடு ஏறி ஒயர் இழுப்பதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "டேய், வரப்புல ஏறாதடா. செருப்பக் கழட்டு. இது இன்னா உங்கப்பன் வூட்டு வாசலா?" என்று கத்தினேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் ஒரு சிநேகிதன் என்னைப் போட்டோவும் பிடித்திருக்கிறான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, மாமா. மார்கழியில் ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. அட்டைப்படத்தில் நான், கைலியை மடித்துக் கட்டி, வாயைத் திறந்துகொண்டு, கையை ஓங்கியபடி நிற்கிறேன். நாலாவது பாட்டில் என் குரல். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் டிரம்ஸோடு சேர்ந்து வருகிறது.

அதோடு என் மானம் மரியாதை எல்லாம் போயிற்று. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தால், சென்னை பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கூட்டமே "உங்கப்பன் வூட்டு வாசலா" என்று பாடுகிறது. பாண்டிச்சேரியில் பல் பிடுங்கப் போனேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் என்னை உற்றுப் பார்க்கிறார். மரத்துப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள் சார் என்கிறார். பல்வலியோடு சொன்னேன், பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடி வந்து இன்னொரு தடவை என்றார். ஒரு சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டுத் திரும்பினால், அழுதுகொண்டிருந்த பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ஃபி கேட்கிறான். எடுத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது. செத்தவருக்கும் எனக்கும் அத்தனை நெருக்கமில்லை.

இதுகூடப் பரவாயில்லை. பொங்கல் முடிந்ததும் ரசிகர்கள் நேரிலேயே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஈசிஆரில் வண்டியை நிறுத்திவிட்டு, கலியமூர்த்தி அண்ணா இருக்காரா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பெங்களூரிலிருந்து வருகிறார்கள், கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், வாடகை ஸ்கூட்டரில் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அந்த ஆல்பத்தை அவர்கள் கேட்டிருக்கிற கேட்புக்கு, நாம் பரீட்சைக்கு அப்படிப் படித்திருந்தால் கலெக்டராகியிருக்கலாம். இரண்டாவது பாட்டில் நடுவே ஒரு கீச்சென்ற சத்தம் வருகிறதாம். அது நாரையா கொக்கா என்று என் கண் முன்னாலேயே இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இரண்டும் இல்லை, என் மோட்டார் பெல்ட் என்று சொன்னேன். உடனே கொட்டகைக்குள் புகுந்து மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கே தொல்லையாக இருந்ததால், மறுநாள் கிரீஸ் போட்டுச் சரி செய்தேன். "ஏண்ணா அந்த சவுண்ட எடுத்துட்டீங்க" என்று ஒரு பெண் கண் கலங்கிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

இப்போது பாத்தி விஷயம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் கோபத்தில் மறந்திருப்பீர்கள். மழை முடிந்து தண்ணீரை வடித்த பிறகு, களிமண்ணை நனைத்து, மிதித்து, காயவிட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். கால் வைத்தால் தடம் விழாத அளவுக்குத் தரை இறுக வேண்டும். அப்புறம்தான் உப்பங்கழியிலிருந்து உப்புத்தண்ணீர் பாய்ச்ச முடியும். தரையில் ஒரு பள்ளம் இருந்தால் அங்கே உப்போடு சேறும் சேர்ந்து வரும், அந்த உப்பை எந்த வியாபாரியும் தொடமாட்டான். மாசி பிறப்பதற்குள் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் இந்த வருஷ உப்பு போச்சு. எனக்கு வேறு வரும்படி கிடையாது. பாதி இறுகிய அந்தப் பாத்தியில்தான் இவர்கள் பூட்ஸ் காலோடு இறங்கி, நாலாவது பாட்டைப் போட்டுக்கொண்டு குதிக்கிறார்கள்.

நான் விடுவேனா. ஓடிப்போய்த் திட்டினேன். கைதட்டினார்கள். அடிவயிற்றிலிருந்து திட்டினேன். விசிலடித்தார்கள். ஆல்பத்தைவிட நேரில் இன்னும் நன்றாக இருக்கிறது என்று ஒருவன் என் காது படவே சொன்னான். வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கடைசியில், தயவுசெய்து கொஞ்சம் இறங்கி நில்லுங்கள் என்று பணிவாகக் கேட்டும் பார்த்தேன். "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். முப்பது வருஷமாக நான் கட்டிக்காத்த கோபம், மாமா. ஒரே மார்கழியில் அது ஊருக்குப் பொதுச்சொத்தாகிவிட்டது.

ரேணுகாவை அனுப்பித் திட்டச் சொல்லலாம் என்றால், அவள் அவர்களுக்கு மோர் கரைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது பாட்டு கொஞ்சம் இழுவை, நாலாவதுதான் டாப்பு என்று எனக்கே பாடம் சொல்கிறாள்.

திரௌபதிதான் கடைசியில் ஒரு வழி சொன்னாள். "என் ஆளுங்க பாதி பேரு கல்யாணம் காட்சினு போயிட்டாங்க. இதுங்க சும்மாதான குதிக்குதுங்க. செருப்பக் கழட்டச் சொல்லி வரிசையா நிக்க வெச்சுக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. நான் வரப்பில் நின்று திட்ட, அவர்கள் ஆனந்தமாகச் செருப்பைக் கழற்ற, திரௌபதி கையில் கோலோடு முன்னால் நிற்க, பிரபாகரன் பாட, பாத்தி மிதிபட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், வக்கீல்கள், ஒரு கண் டாக்டர் எல்லோரும் சேற்றில். கூலி கொடுக்கிறேன் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்கிறார்கள்.

ஆனால் சாயங்காலம் பார்த்தால், பாத்தி முழுக்க வரிசை வரிசையாகப் பள்ளம். "உங்கப்பன் வூட்டு வாசலா" வரும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் எம்பிக் குதித்திருக்கிறது. திரௌபதி பிரபாகரனைக் கூப்பிட்டாள். "தம்பி, பாட்டு நல்லா இருக்குது. அந்த ஒரு வரி மட்டும் வேணாம். அதுலதான் பாத்தி போவுது" என்றாள். பேண்டுக்காரன் சம்மதிப்பானா என்று நான் நினைத்தேன். அவன் உடனே சரி என்று தலையாட்டிவிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மாமா. அந்த வரியை அவன் ஒரு நாளும் பாடியதில்லை. கூட்டம் பாடும், டிரம்ஸ் அடிக்கிறவன் பாடுவான், இவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு கிதாரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஊரே பாடுகிற வரி அவன் வாயில் மட்டும் வராது. தினமும் சாயங்காலம் கை கால் கழுவும்போது என்னிடம் ஒன்று கேட்பான். "அப்பா பாட்டக் கேட்டாராமா, மாமா?" கேட்டிருப்பார்டா என்று நானும் தினமும் சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்வது பழக்கம்தான், வியாபாரிகளிடம் சொல்லாததா. ஆனால் இந்த ஒரு பொய்யை மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்கிறேன்.

ஆகவே, நேரடியாகக் கேட்டுக்கொள்கிறேன். பி.டி. வாத்தியாராக இருந்தவர் நீங்கள். நீங்கள் ஒரு விசில் ஊதினால் கிரவுண்டே அசையாமல் நின்றது என்று உங்கள் பழைய மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வரிசை கலைந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. என் திட்டுக்குத்தான் கைதட்டுவார்கள், உங்கள் விசிலுக்கு யாரும் தட்டமாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த விசிலோடு வாருங்கள். கூட்டத்தைக் கலையுங்கள். உங்கள் மகனை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள். அவன் போனால் கூட்டமும் போய்விடும். கிதார் உங்கள் வாசலுக்கு ஆகாது என்றால் இங்கேயே இருக்கட்டும், நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிள்ளை இங்கேயே இருக்க வேண்டாம். மாமன் வீட்டில் எத்தனை மோர் குடித்தாலும் அவன் கண் கிளியனூர் ரோட்டில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். ரேணுகா இரண்டு பேரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அங்காளம்மன் உங்கள் முழங்காலுக்கும் மனசுக்கும் கொஞ்சம் மடங்குகிற சக்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
திட்டுவதற்கும் வழியில்லாமல் போன மைத்துனன்,
கலியமூர்த்தி

பி.கு.: இன்றைக்கும் கூட்டம் மிதித்துக்கொண்டிருக்கிறது; நான் கவரை ஒட்டப் போகும்போது திரௌபதி கொட்டகைக்கு வந்தாள். "மூணாவது வரிசையில ஒருத்தரு வந்திருக்காரு. தலையோட மூஞ்சிய மூடித் துண்டு கட்டியிருக்காரு. அவரு ஒருத்தருதான் பள்ளம் விழாம மட்டமா மிதிக்கிறாரு. பக்கத்துல இருக்கறவங்களயும் லெப்டு ரைட்டுனு சொல்லி நேரா நிக்க வெச்சிட்டாரு. இன்னா ஊருனு கேட்டு, நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்றாள். நான் எழுந்து வாசலில் நின்று பார்த்தேன். ரோட்டோரம் சவுக்கு மரத்தடியில் உங்கள் பச்சை ஸ்கூட்டர் நிற்கிறது. அக்காவுக்குப் போன் போட்டேன். "காலையிலயே கெளம்பிட்டாருடா. திண்டிவனத்துல வேர்க்கடலை வெத பாக்கணுமாம். ஒரு மாசமா காதுல எதையோ மாட்டிக்கிட்டு மாட்டுக் கொட்டாயிலயே உக்காந்திருக்காரு, கூப்பிட்டா காது கேக்கல" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். விசில் தேவையில்லை. கூட்டத்தைக் கலைக்கவும் வேண்டாம், இன்னும் மிதிக்காத பாத்தி நிறைய இருக்கிறது. பிள்ளையை அழைத்துக்கொண்டு போவதையும் மிதி முடிகிற வெள்ளிக்கிழமைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், அதுவரை நீங்களும் இங்கேயே தங்கிவிடுங்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரபாகரன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். யாருக்கு மாமா எழுதறீங்க என்று கேட்டான். உங்கப்பாவுக்குத்தான் என்றேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல, அப்பா பாட்டைக் கேட்டாராமா என்று கேட்டான். இன்று பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால், "மூணாவது வரிசையில போய் அவரையே கேளு" என்று சொல்லிவிட்டேன். வரப்பு வழியாக வந்துகொண்டிருக்கிறான், மாமா. துண்டை எடுத்துவிடுங்கள்.