நம்பிராஜன் மூக்கு விமானம் ஏறிய கதை

செத்தாலும் விமானத்தில் ஏறுவதில்லை என்று நம்பிராஜன் அண்ணாச்சி முடிவெடுத்தார். ஏறினால் செத்துவிடுவோம் என்பதுதான் உள்பயம். அதை வெளியே சொல்ல முடியுமா? பிழைப்பு வடக்கே, குர்லாவில் இரும்புக்கடை. அவர் ஒரு செருமு செருமினால் எதிர்க்கடைக்காரன் விலையைக் குறைப்பான். கோடவுனுக்குள் வந்த பாம்பை வெறுங்கையால் தூக்கிப் போட்டவர் என்று வீடிருக்கும் செம்பூர் முழுக்கப் பேர். அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது என்பது அவருக்கும் பாம்புக்கும் மட்டும் தெரியும்.

ஆகவே பழியை மூக்கின் மேல் போட்டார்.

ஊரில் குலசாமி கோயில் கொடைத் திருவிழா. பரிவட்டம் நம்பிராஜன் தலைக்கு. அப்பா தலையிலிருந்து நேரே இவர் தலைக்கு வந்த உரிமை. ஆளில்லை என்றால் அடுத்த பங்காளி தலைக்குப் போய்விடும். அங்கே போனது திரும்பி வராது. இந்த நேரம் பார்த்து மழை. மண் சரிந்து ரயில் ரத்து. மகன் சுதன் யாரையும் கேட்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டான். அங்கிருந்து ஊருக்குக் கார்.

"ஏளா, எனக்கு சைனஸ் இருக்குல்லா? மேல போனா மண்ட பொளந்துரும்."

அடுப்பைத் தணித்துவிட்டு சீனியம்மாள் திரும்பினாள். "யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு கரீம் பாட்சா. அவன் மச்சினனுக்குப் புருவத்துல ஆணி எறக்குன மாதிரி இருந்துச்சாம்."

"அந்த மச்சினன் வருசா வருசம் துபாய்க்குப் போயிட்டு வாராரு. மண்டையோடதான வாராரு?"

"அவன் மண்ட கருங்கல்லு. போன வருசம் நம்ம மவ ஹரிதா பிரசவத்துக்கு நீ சென்னைக்குப் போனியே, சுதன்கூட, ரயில்ல. வந்து எறங்கும்போது சேல மடிப்புகூடக் கலையல. நானே அசந்துட்டேன். அந்த சொகம் வேற எதுல வரும்?"

சீனியம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பை மறுபடி கூட்டி வைத்தாள்.

"சரி, நீங்க இருங்க. நான் ஒங்க பெரியப்பா மவன் சங்கரநாராயணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருதேன். பரிவட்டத்த அவரு கட்டிக்கிடட்டும்."

"அவனா? அந்த வழுக்கையில துண்டு நிக்குமாளா?"

"அத சாமி பாத்துக்கிடும்."

அண்ணாச்சிக்கு மூக்கு அடைக்கவில்லை. நெஞ்சு அடைத்தது. உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். "டாக்டர்ட்ட காட்டுவோம். வேண்டாம்னு சொல்லிட்டா காரு. இங்கேருந்தே காரு."

"போலாம்னு சொல்லிட்டா?"

"ப்ளேனு. நம்பிராஜன் வாக்கு மாறுனதுண்டா?"

டாக்டரிடம் காட்டுவதற்கு சைனஸ் வேண்டுமே. வரவழைக்கக் கிளம்பினார். குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையில் நடந்தார். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்று மலாய் குல்ஃபி தின்றார். இன்னொன்று தின்றார். மேலே ஐஸ் போட்ட லஸ்ஸி. ஈரத்தலையோடு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். இத்தனை வருசமாக அழைக்காமலே வந்து புருவத்துக்கு மேல் குடியிருந்த சைனஸ், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தும் வரவில்லை. மூக்கு எக்ஸ்பிரஸ் ஹைவே மாதிரி திறந்து கிடந்தது.

டாக்டரம்மா விளக்கடித்து இரண்டு துவாரத்தையும் பார்த்தாள்.

"ஏக்தம் கிளீன், அங்கிள். பிந்தாஸ் ஜாவோ."

"நல்லா பாருங்க மேடம். உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்."

"அவங்க பாத்துட்டாங்க, தாராளமா போலாங்காங்க, எந்திரிங்க" என்றாள் சீனியம்மாள். ஏறும் முன் விடச் சொட்டு மருந்து. இறங்கும்போது எச்சில் விழுங்கச் சொன்னாள் டாக்டரம்மா. அண்ணாச்சிக்கு விழுங்க அப்போதே எச்சில் இல்லை.

கடைசி ஆயுதம் சுக்குப் பத்து. கிளம்பும் அன்று காலை, சுக்கை உரசி முடிக்கு அடியிலிருந்து மூக்கு நுனிவரை சுவருக்குப் பூசுவதுபோல் பூசிக்கொண்டார். வழியெல்லாம் முனகல்.

விமான நிலையத்தில் இப்போது முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. சுதன் போனில் எல்லாம் செய்து வைத்திருந்தான். சீனியம்மாள் நின்றாள். பழகின வீட்டுக் கதவுபோல் திறந்தது. அண்ணாச்சி நின்றார். சிவப்பு விளக்கு. கண்ணை விரித்தார். சிவப்பு. மீசையைத் தடவிக்கொண்டு விறைப்பாக நின்றார். சிவப்பு.

அண்ணாச்சி முகத்தில் கொடைக்களை வந்துவிட்டது. "பாத்தியா! மிசினே வேண்டாங்கு. சைனஸ் இருக்கவன அதுக்குத் தெரியும். வா, திரும்புவோம்."

சீனியம்மாள் திரும்பி வந்தாள். முந்தானையில் தண்ணீரை ஊற்றினாள். சட்டி துலக்குவதுபோல் அவர் முகத்தில் ஒரு தேய்ப்பு. பச்சை விளக்கு.

சீட்டில் உட்கார்ந்ததும் பெல்ட்டில் ஒரு பாதி கிடைக்கவில்லை. அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் உறுமியது. குலசாமியின் பெயர் மறந்துபோனது. எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். அப்போது சீனியம்மாள் அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. கைய விட்ராதீய."

அவ்வளவுதான். அண்ணாச்சி நெஞ்சு பெல்ட் தெறிக்கிற அளவுக்கு விரிந்தது.

"சீ, பைத்தியாரி! நான் எதுக்கு இருக்கேன்? கண்ண மூடிக்க. ரயிலு மாதிரிதான். கொஞ்சம் ஒசரத்துல போவுது, அம்புட்டுதான்."

விமானம் மேலே ஏறியதை அவர் கவனிக்கவில்லை. தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரச்சீட்டில் இருந்த மராட்டிக்காரப் பெண்ணிடம், "பெஹலி பார். டர்த்தி ஹை" என்று சீனியம்மாளைக் காட்டிச் சொன்னார்: முதல் தடவை, பயப்படுகிறாள். அந்தப் பெண் சீனியம்மாளைப் பார்த்தாள். சீனியம்மாள் சிரித்தாள். மேகத்துக்குள் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. "மேகத்துல பள்ளம் இருக்கும். பயப்படாத" என்றார், நகராட்சிக் கமிஷனர் மாதிரி.

இறங்கும்போது எச்சில் விழுங்கினார். காது டப்பென்று திறந்தது. மண்டை இருந்த இடத்தில் இருந்தது. தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். கொடையில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையும் ஆயிற்று. சங்கரநாராயணனை எதிரே நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டும். "பயந்த பொம்பளய நாந்தான்டே கையப் பிடிச்சு ஆகாயத்துல கூட்டிட்டு வந்தேன்." பரிவட்டம் இப்போதே தலையில் ஏறிவிட்டது போலிருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது.

சீனியம்மாள் ஒரு கொட்டாவி விட்டாள். ஒரு விரலால் பெல்ட்டைத் தட்டிக் கழற்றினாள். சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். ஒரு மடிப்பும் கலையவில்லை.

"இந்த பைலட் பரவால்ல, பூ மாதிரி எறக்கிட்டான். ஹரிதா பிரசவத்துக்குப் போனப்ப வந்தவன் தொப்புனுல்லா போட்டான்!"