துடைப்பக் கச்சேரிக்கு ஓர் ஆண் தேவை

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சமையலறையிலிருந்து ஒரு சத்தம். டம். டக டக. சர்ர்ர். மறுபடியும் டம்.

கண்ணாடிக்கடைக்காரர் மூலையிலிருந்த குடையை எடுத்தார். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர். சொந்த வீட்டில் நடப்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. குடையை ஓங்கியபடி பூனை மாதிரி போய் எட்டிப் பார்த்தார்.

அவர் மனைவி கவிழ்த்த வாளியைக் கரண்டியால் அடித்துக்கொண்டே ஆடினாள். பக்கத்தில் மாடிவீட்டுக்காரி துடைப்பத்தைத் தரையில் இழுத்துத் தாளம் போட்டாள்.

"என்னடி இது, பேய் ஓட்டறீங்களா?"

"ஒத்திகைங்க. வீட்டுச் சாமான்தான் வாத்தியம். தெருப் பொம்பளைங்க எல்லாம் சேந்து சனிக்கிழமை மேடையேறுறோம்."

"கைக்குழந்தையை யாரு பாத்துக்கிறது?"

"அதாங்க எனக்கும் பயம்." பிள்ளை பிறந்ததிலிருந்து தெருமுனை தாண்டாதவள் அவள். குரல் இறங்கியது. "ஆள் கிடைக்கலேன்னா என் இடத்தை வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாங்க."

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் வீடு ரெண்டுபடும். அவர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். கூட்டத்துக்குள் புகுந்து தாளத்தைக் குட்டிச்சுவராக்குவது! கச்சேரி தானே கலையும்.

"நானும் சேந்துக்கறேனே!" என்றார், தேன் ஒழுக.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு ஆம்பளை வேணும்னுதான் தேடறாங்க, இல்லக்கா?"

"ஆமாமா. ஆனா முதல்ல வீட்டுல பழகணும். அப்புறம்தான் தேர்வு."

மறுநாள் காலையில் பாத்திரம். வேண்டுமென்றே தாளம் தப்பித் தேய்த்தார்.

"அட! இது புதுசா இருக்கே! அந்தக் குண்டானையும் எடுங்க."

குழம்பிப்போனார். துடைப்பத்தை ஏடாகூடமாக வீசினார். மூலைமுடுக்கெல்லாம் சுத்தமானது. "அங்கதாங்க உங்க தனி முத்திரை!" கோபத்தில் குழந்தைத் துணியை ஓங்கி அடித்தார். பளீரென்று வெளுத்தது. எவ்வளவு கெடுத்தாலும் பாராட்டு! தனக்கே தெரியாமல் தான் ஒரு மேதையோ?

கடையில் கண்ணாடியைத் தாளத்தோடு துடைத்தார். "அண்ணே, சோதிக்கிறது கண்ணையா, காதையா?" என்றார் வந்தவர்.

இரவில் தொட்டில்.

"இது என்ன வாத்தியம்டி?"

"தம்புரா மாதிரிங்க. நிறுத்தவே கூடாது."

சனிக்கிழமை சாயங்காலம் தேய்த்த சட்டையோடு வந்து நின்றார். கெடுக்க வந்ததே மறந்துபோயிருந்தது. மனைவி குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள்.

"என் தேர்வு எப்போ?"

"இப்பதாங்க. தனி ஆவர்த்தனம்."

"மார்க் யாரு போடுவா?"

"உங்க தோள்ல இருக்காரே, அவருதான். பால் ஆத்தி வச்சிருக்கேன்."

ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் மாடிவீட்டுக்காரி வாளியோடு காத்திருந்தாள். மனைவியோ படியிறங்காமல் நின்றாள்.

"அக்கா, நான் வரலை. பிள்ளை அழுதா?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், நான் எதுக்கு இருக்கேன்? இத்தனை நாளா எல்லாத்தையும் நான்தானே பண்றேன்? போய் ஆடிட்டு வா!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று காதில் விழுந்தது.

மாடிவீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவியின் முகம் மலர்ந்தது. படியிறங்கியவள் திரும்பினாள்.

"காத்து அடிக்குதுங்க. தாழ்ப்பாள் போட்டுக்கோங்க."

மேடையைக் கலைக்கப் புறப்பட்ட மனிதர், பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே, தன் கையாலேயே உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.