கோல் கீப்பர் போட்ட ஒரே கோல்

உதைபந்தாட்டத்தில் யாரைக் கோல் கீப்பராக நிறுத்துவது என்பதற்கு ஊர் உலகம் எல்லாம் ஒரே விதிதான். ஓடத் தெரியாதவனாக இருக்க வேண்டும், உதைக்கத் தெரியாதவனாக இருக்க வேண்டும், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்கப் பிடிக்காதவனாக இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இந்த மூன்று தகுதியும் ஒருசேர வாய்த்தது எனக்கு மட்டும்தான். இப்படிப் பல வருடம் கோலுக்கு முன்னால் நின்ற நான், என் வாழ்க்கையில் ஒரே ஒரு கோல் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், பாதிக் கதை வரைக்கும்.

சமாதானம் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தது முடிந்து, சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. கண்டியில் ஷெல் விழவில்லை. ஆனால் சந்திக்குச் சந்தி மணல் மூட்டை அடுக்கிக் காவல் போட்டிருந்தார்கள். அடையாள அட்டையை மறந்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனவன் பாணோடு வீடு திரும்புவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அம்பிட்டியவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியதால் டவுன்காரன் ஆனவன். கண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் கிளார்க் வேலை. (அப்பா ஊரில் சொல்லும்போது அது மேனேஜர் வேலை.)

அம்பிட்டியவில் மேட்டு நிலத்தில் ஒரு மைதானம் இருந்தது. பந்து பள்ளத்தில் உருண்டால், எடுக்கப் போனவன் கீழே கடையில் ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுத்தான் மேலே வருவான். எங்கள் கேப்டன் ரிஸ்வான். திகனவில் அவனுடைய வாப்பாவுக்கு வாகன உதிரிப்பாகக் கடை. கடை வேனில்தான் நாங்கள் எல்லாரும் போவோம், வருவோம். நுவன் சிங்களப் பையன், மைதானத்துக்குப் பக்கத்து வீடு. முழங்கால் பழுதானதால் அவனை ரெஃப்ரியாக்கி விசிலைக் கொடுத்திருந்தோம். குகன் யாழ்ப்பாணத்தான். ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு வேலை. அம்மா வன்னியில், அண்ணன் கனடாவில், இவன் நடுவில் அம்பிட்டியவில் ஒரு வாடகை அறையில்.

குகனைப் போலக் கவனமான ஆளை நான் கண்டதில்லை. வடக்கில் இருந்து வந்தவன் என்பதால் பொலிஸில் பதிவு செய்து, அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். பஸ்ஸில் தமிழில் பேச மாட்டான். நான் பேசினால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். பொழுது பட்டால் அறையை விட்டு வெளியே வர மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும்தான் அவனுக்கு வாய் திறக்கும். "விடடா, இஞ்சால விடடா" என்று அவன் போடும் சத்தம் கண்டி டவுனுக்கே கேட்கும்.

அண்ணன் கனடாவில் இருந்து யாரிடமோ கொடுத்து அனுப்பியதாக ஒருநாள் ஒரு சின்ன எம்.பி.த்ரீ பெட்டியைக் கொண்டுவந்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஹிப்ஹொப் என்றான். ஹிப்ஹொப் என்றால் மூச்சு விடாமல் யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காதில் மாட்டினேன். டிரம் அடிக்கிறது, யாரோ ஒரு துண்டு பியானோ வாசிக்கிறார்கள், அதே துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டு மேளம் போல அடித்துக்கொண்டே இருந்தது. நான் பொறுமையாகக் காத்திருந்து, கடைசியில் கேட்டேன்.

"பாட்டுக்காரன் எங்கடா?"

"இதில பாடுறவன் இல்லை மச்சான்."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

குகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பேசுகிறவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேளத்தை மட்டும் வைத்துக்கொண்ட ஹிப்ஹொப் இது, அவசரப்படாமல் கேள் என்று சொல்லி, அடுத்த ஞாயிறு வரைக்கும், ஒரு கிழமைக்குப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனான். கேட்டேன். உள்ளே சரசரவென்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். கண்டிக் குளிருக்குப் பெட்டி ஈரம் குடித்துவிட்டது என்று முடிவு கட்டி, மொட்டைமாடியில் மிளகாய்க்குப் பக்கத்தில் காயப் போட்டேன். அது பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம், வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று குகன் பிறகு விளக்கினான். (பெட்டியில் மிளகாய் நெடி கடைசி வரைக்கும் போகவில்லை.)

அந்த இசை எனக்கு உண்மையில் பிடித்துப்போனது வேனில்தான். எங்கள் வேனில் ஒரு வழக்கம் இருந்தது. காவலரண் கண்ணில் பட்டதும் ரிஸ்வான் தமிழ்ப் பாட்டை நிறுத்திச் சிங்களப் பாட்டைப் போடுவான், நுவன் முன் சீட்டுக்கு மாறுவான், குகன் தூங்குவான். ஒரு ஞாயிறு, குகனின் பெட்டியை வேன் ஸ்பீக்கரில் மாட்டியிருந்தோம். காவலரண் வந்தது. ரிஸ்வான் கையை நீட்டினான், பிறகு எடுத்துக்கொண்டான். மாற்றுவதற்கு அதில் என்ன இருக்கிறது? யாரும் எந்தப் பாஷையிலும் பேசவில்லையே. எட்டிப் பார்த்த சிப்பாய், தாளத்துக்கு இரண்டு தரம் தலையாட்டிவிட்டுப் போகச் சொன்னான். குகன் அன்றைக்குத் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே அந்த இடத்தைக் கடந்தான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த இசை இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்றாகிவிட்டது. பெட்டியும் என்னிடமே தங்கிவிட்டது.

குகனைக் கொழும்புக்குக் கனடா விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அவன் கனடா போய்ச் சேர்ந்துவிட்டால், அண்ணனும் தம்பியுமாக அம்மாவை எப்படியாவது வன்னியில் இருந்து எடுத்துவிடலாம் என்பதுதான் அவன் கணக்கு. கண்டியில் இருந்த அத்தனை வருடமும் ஒரு வம்பு தும்பு இல்லாமல் இருந்தது இதற்காகத்தான். அதற்கு முந்தின ஞாயிறு அவனுக்குக் கடைசி மேட்ச். ஆட்டம் முடிந்ததும் நான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் முழுவதும் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கோல் கீப்பருக்குப் பாதி நேரம் வேலை கிடையாது என்பது தெரிந்ததுதானே. ஆனால் ரிஸ்வான் கண்டால் கிழித்துவிடுவான். ஆகவே அதிபுத்திசாலியான நான் பெட்டியை வயிற்றோடு வைத்து, சுளுக்குக்குப் போடும் அகலப் பிளாஸ்டரால் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். வயரை ஜேர்சிக்குள்ளே மேலே கொண்டுபோய், கழுத்து வழியாகக் காதில் மாட்டி, மேலே ஒரு கம்பளிக் குல்லாவைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாட்டில் என்ன நடக்கிறது, இடுப்பைச் சுற்றிப் பெட்டியும் வயரும் கட்டிக்கொண்டு வெளியே போகிற தமிழனுக்கு என்ன பெயர் என்பது எதுவும் என் மூளைக்கு எட்டவில்லை. எங்கள் அம்மா சொல்வது போல, எனக்குப் படிப்பு இருந்தது, புத்திதான் வேறு யார் வீட்டிலோ இருந்தது.

அன்றைக்குப் பேராதனைப் பக்கத்து டீம் ஒன்று வந்திருந்தது. நல்ல கூட்டம். மேல் ரோட்டுக் காவலரணில் இருந்து நாலைந்து சிப்பாய்களும் துவக்கோடு வந்து கரையில் நின்று பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. என் காதில் மெதுவாக ஒரு டிரம்பட் ஏறிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய தடியன் ஒருவன் அடித்த பந்து நேரே என் வயிற்றில் வந்து விழுந்தது. நான் மல்லாக்க விழுந்தாலும் பந்தை விடவில்லை. வாழ்க்கையில் நான் பிடித்த நல்ல பந்து அது ஒன்றுதான். பெருமையோடு எழுந்து நின்றேன். ஜேர்சி நெஞ்சு வரை சுருண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கோலுக்குப் பின்னால் கடலை விற்ற பெண் முதலில் பார்த்தாளாம். அவள் போட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை, காதில் டிரம்பட். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தத் தடியன் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்து அவர்களுடைய ஃபுல்பேக்குகள் ஓடினார்கள். சிலர் தரையில் குப்புறப் படுத்தார்கள். என் முன்னால் மைதானம் வெறுமையாகத் திறந்து கிடந்தது. இப்படி ஒரு வாய்ப்பு எந்தக் கோல் கீப்பருக்குக் கிடைக்கும்? பந்தைக் கீழே போட்டு உதைத்துக்கொண்டு ஓடினேன். நான் எந்தப் பக்கம் ஓடினேனோ, அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிதறினார்கள். என் ஆட்டத்தைக் கண்டு மலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) எதிர்க் கீப்பர் வலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினான். ரெஃப்ரி நுவன் வாயில் விசிலோடு ஓடியதால், மூச்சு விடும்போதெல்லாம் விசில் கீச்சிட்டதாம். நான் கோலுக்கு முன்னால் போய் நின்று, குறி பார்த்து உதைத்தேன். கோல்.

கைகளை உயர்த்திக்கொண்டு திரும்பினேன். கரையில் நின்ற துவக்குகள் எல்லாம் என் வயிற்றைப் பார்த்து நீண்டிருந்தன. குனிந்து பார்த்தேன், காதில் இருந்த வயர் கழன்று விழுந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை உயர்ந்தபடியே இருந்தது.

என்னை நோக்கி ஒருவன் மட்டும் நடந்து வந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, துவக்குகளுக்கும் எனக்கும் நடுவில், குகன்.

"ஏக்க மகே, சேர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "போம்ப நெவெயி. சிந்து." அது என்னுடையது, குண்டு இல்லை, பாட்டு என்று அர்த்தம். பஸ்ஸில் வாயே திறக்காதவன், யாழ்ப்பாணம் மணக்கிற சிங்களத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னான். என்னிடம் வந்து, "அசையாத மச்சான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிளாஸ்டரை ஒரே இழுவையாக இழுத்தான். வயிற்று மயிரெல்லாம் அதோடு போனது. நான் கத்திய கத்தலில் ஒரு சிப்பாய் தரையில் படுத்தான்.

எங்கள் வீட்டில் கதை இந்த இடத்தில் முடியும். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரித்தவர்கள் பெட்டியைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டார்கள். பிறகு ஒருவர் கேட்டார், இதில் பாட்டுக்காரன் எங்கே என்று. முதல் நாள் நான் கேட்ட அதே கேள்வி. பாட்டுக்காரன் இல்லை என்றேன். வார்த்தை இல்லாத பாட்டை யாராவது இத்தனை மணி நேரம் சேர்த்து வைப்பார்களா, இது யாருக்கு என்ன செய்தி என்று கேட்டார். காவலரணில் எங்களைக் காப்பாற்றியது எதுவோ அதுதான் இப்போது குற்றமாகிவிட்டது. நன்றாக இருக்கும், கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் நுவனும் ரிஸ்வானின் வாப்பாவும் வந்து பேசினார்கள். என் அட்டையில் அம்பிட்டிய விலாசம் இருந்தது. என்னை விட்டார்கள். குகனின் அட்டையில் இருந்த விலாசம் வேறு. அவனை விடவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. ரிஸ்வான் கிழமைக்கு ஒரு தரம் சோற்றுப் பார்சலோடு போவான், நான் வேனுக்குள்ளேயே இருப்பேன். மைதானத்தில் பந்து விளையாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் மனம் வரவில்லை.

மாதக் கணக்கில் வைத்திருந்துவிட்டு ஒருநாள் குகனை விட்டார்கள். வேலை போயிருந்தது, அறையும் போயிருந்தது. விசா இனி நடக்காது, வவுனியாப் பக்கம் போய் ஏதாவது வழி பார்த்து அம்மாவோடு சேர்ந்துகொள்கிறேன் என்றான். நானும் ரிஸ்வானும் கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ரிஸ்வான்தான் சும்மா இருக்க முடியாமல், "என்ன செல்ற குகன், அவன்ட கோல் கோலா? நுவன் விசில் ஊதினானே" என்றான்.

குகன் யோசித்தான். மெலிந்த முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது.

"அது பயத்தில ஊதின விசில். ஆட்டத்துக்கு ஊதேல்லை. கோல் கோல்தான்," என்றவன், என் தோளில் கை வைத்து, "நான் போயிட்டு வாறன் மச்சான்" என்றான்.

அவன் வரவில்லை. வவுனியாவுக்கு அங்கால், வன்னிக்குள் போனான் என்பது வரைக்கும் தெரியும். சண்டை முடிந்தது. அவன் அண்ணன் கனடாவில் இருந்து போன் எடுத்து, ஏதும் தெரியுமோ தம்பி என்று என்னிடம் கேட்பார். இல்லை அண்ணே என்பேன். கொஞ்ச வருடம் கேட்டார், பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார். எடுக்காமல் இருந்ததும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

என் மகளுக்கு இப்போது ஓ.எல். சோதனை வருகிறது. போனில் ஏதோ போட்டுக்கொண்டு படிக்கிறாள். ஒருநாள் அறைக்கு வெளியே நின்றேன். டிரம், துண்டு பியானோ, சரசரவென்ற அந்த மழை. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் இதைக் கேட்டுத்தான் படிக்கிறார்களாம். பாட்டுக்காரன் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லையாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அந்த இசை கேட்டால் போதும், என் மனைவி குசினியில் இருந்தபடியே, "என்னாங்க, கையத் தூக்குங்க" என்பாள். மகள் புத்தகத்தோடு கையைத் தூக்குவாள். ரிஸ்வான் வந்திருந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு தூக்குவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்குவேன். தூக்கிக்கொண்டு, யாராவது என்னைப் பார்த்து நடந்து வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பேன்.