நூறு மீற்றரும் அம்மாளுக்குப் போன கோலும்

1993 ஜூன் 12, சனிக்கிழமை. காலை 5.50க்கு எழும்பினேன். 6.15க்கு இரணைமடு அணைக்கட்டில் நின்று குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிந்தேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் அதுதான் என் உத்தியோகம். 7.00 மணிக்குத் தேத்தண்ணீர், பனங்கட்டியுடன். 7.20க்குச் சவரம், அதே பிளேட்டால் பதினோராம் தடவை. 7.45க்குச் சைக்கிளுக்குக் காற்று. இவற்றுக்குக் கீழே நாட்குறிப்பில் "பி.ப. 3.00, போட்டி" என்று இருக்கிறது.

அந்தப் போட்டிக்குக் காரணமானவரைப் பற்றி ஒன்றை நான் துணிந்து சொல்வேன். பந்தே இல்லாமல் பதினான்கு மாதங்கள் ஒரு பந்தாட்டச் சங்கத்தை நடத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கிளிநொச்சியில் இருந்தார். நான் அவருடைய செயலாளர்.

ஊர் அவரை "நூறு மீற்றர்" என்றது. சொந்தப் பெயர் கூட்ட அறிக்கைகளில் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் தெரிந்தவர்களுக்குக்கூட ஆளைத் தெரியாமல் போய்விடும். இளம் வயதில் கொழும்பு வரை போய் ஓடியவர். நான் பழகிய காலத்தில் ஐம்பதைத் தொட்டிருந்தார். கூட்டுறவுச் சங்க நெல் களஞ்சியத்தின் பொறுப்பாளர். ஓட்டத்தை விட்டு இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. கால்களுக்கு அதை ஒருவரும் அறிவிக்கவில்லை.

பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத அந்த யுத்த வருடங்களில் எல்லோரும் சைக்கிளில் போனோம். அவரிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. அதைப் பிடித்து உருட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடுவார்.

"ஏறிப் போங்கோவன் அண்ணை" என்று ஒருநாள் சொன்னேன்.

"அவசரமாப் போறன் தம்பி. ஏறினாப் பிந்திப் போடும்."

எந்த வாசலைக் கண்டாலும் அது அவருக்கு முடிவுக்கோடு. கடைசி இரண்டு அடியில் நெஞ்சை முன்னுக்குத் தள்ளி, கைகளைப் பின்னுக்கு எறிந்து, தலையைக் குனிந்து பாய்வார். கலியாண வீட்டுக்கும் அப்படித்தான், செத்த வீட்டுக்கும் அப்படித்தான். ஒருநாள் மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஓர் அதிகாரி தேத்தண்ணீர்க் கோப்பையுடன் வெளியே வர, இவர் உள்ளே பாய்ந்தார். கோப்பை மட்டும் வெளியே வந்தது. அதிகாரி திரும்ப உள்ளே போனார்.

அன்றைக்குத்தான் மாவட்டத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சங்கம், ஒரு தலைவர் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி சட்டையைத் துடைத்தபடி, "எல்லாம் குடுத்து முடிஞ்சுது. நீங்கள் பிந்தி வந்திட்டியள்" என்றார். நூறு மீற்றருக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஓட்டம்?"

"அதுதான் முதல் போனது."

"ஒண்டும் மிச்சமில்லையோ?"

"கைப்பந்து எண்டு ஒண்டு கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை."

"அதிலை ஓடுறது இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப அது என்ரை."

இப்படித்தான் கைப்பந்து எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையால் பிடித்து, மாற்றி, எதிர்ப்பக்கக் கோலுக்குள் எறிய வேண்டும். பந்தை நிலத்தில் தட்டாமல் மூன்று காலடிக்கு மேல் நகரக் கூடாது. இவ்வளவையும் ஓர் ஆங்கில விதிப்புத்தகத்திலிருந்து நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அவர் அதை நின்றபடி வாசித்தார். இருந்து வாசித்து நான் அவரைக் கண்டதில்லை.

கூட்டங்களையும் பந்தயம் போலவே நடத்தினார். "இடங்களுக்கு... ஆயத்தம்..." என்று சொல்லி ஒரு கைதட்டு. நாங்கள் கதிரையில் அமர்வதற்குள் வரவேற்புரை முடிந்துவிடும். நான்காவது கூட்டத்தில் ஆறு விடயங்கள் பேசி முடிக்க மூன்று நிமிடம் நாற்பது செக்கன் ஆனது. அதன் அறிக்கையை எழுத எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. "ஆரும் ஏதும் கதைக்கப் போறியளோ?" என்று கேட்டு, ஒரு மூச்சு எடுத்து, "இல்லை. நல்லது" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். ஒரு தடவை ஆட்சேபம் தெரிவிக்க எழும்பிய பொருளாளர் முழுதாக நிமிர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது.

குறை ஒன்றுதான். பந்து இல்லை. கொழும்புத் தலைமைச் சங்கத்துக்கு நான் ஒன்பது கடிதம் எழுதினேன். பதினைந்தாம் மாதம் ஒரு பந்து அனுப்பினார்கள். வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டி அதைக் கொண்டுவந்தவர் மேசையில் ஒரு பையை வைத்தார். உள்ளே பந்து இரண்டு பாதியாக இருந்தது.

"சோதினையிலை வெட்டிப் பாத்தவங்கள்" என்றார் அவர்.

"என்ன இருந்ததாம்?" என்று கேட்டார் நூறு மீற்றர்.

"காத்து."

சந்தையில் செருப்புத் தைக்கிறவர் இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்தார். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு வேண்டியிருந்தது. அன்று முதல் நூறு மீற்றர் வீட்டில் ஒரு தலையணைதான். பந்து பார்வைக்கு நன்றாக இருந்தது, எறியவும் முடிந்தது. நிலத்தில் தட்டினால் மட்டும் விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. தட்ட முடியாவிட்டால் யாரும் மூன்று அடிக்கு மேல் போக முடியாது. ஓட்டம் இருக்கிறது என்பதற்காக அவர் எடுத்த விளையாட்டில் ஓட்டம் இல்லாமல் போய்விட்டது. அதை நான் விளக்கியபோது பந்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் (பதினொரு செக்கன்) அசையாமல் நின்றார்.

மே மாதம் தலைமைச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவுபெற்ற இரண்டு அணிகள் முழுநேரமும் ஆடி, இரு அணித்தலைவர்களும் ஒப்பமிட்ட முடிவுத்தாள் ஜூன் முடிவதற்குள் வர வேண்டும். வராவிட்டால் எங்கள் சங்கத்தின் பதிவு ரத்து.

"செக்கிரட்டரி, இதை விடேலாது" என்றார் நூறு மீற்றர். அன்று என் அலுவலக வாசலால் நடந்து வெளியே போனார்.

அணிகள் இரண்டு. இரணைமடுக் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் கமக்காரர்கள் ஒன்று; தலைவர் முத்துச்சாமி, அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மற்றது முள்ளிவாய்க்கால் கடற்றொழிலாளர், தலைவர் தேவன். கருவாடு ஏற்றப் போன கூட்டுறவுச் சங்க லொறியில், கருவாட்டு மூடைகளுக்கு மேல் இருந்து அவர்கள் வந்தார்கள். அவர்கள் வருவது பத்து நிமிடம் முன்னதாகவே காற்றில் தெரிந்தது.

சரியாக 3.00 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நூறு மீற்றர் நடுவர். நான் நேரம் பார்த்தேன். கோல்களைக் குறிக்க நெல் களஞ்சியத்தின் அளவுகாரர் கணபதியரைப் பக்கத்தில் இருத்தினேன். இருபது வருடம் நெல் அளந்து ஒரு மரைக்கால் பிழைக்காத மனிதர் என்று நானே அவரைத் தெரிவு செய்தேன்.

முள்ளிவாய்க்காலார் வரிசையாக நின்று, வள்ளத்திலிருந்து கரைக்கு மீன்கூடை மாற்றுவதுபோலப் பந்தை மாற்றினார்கள். இரணைமடுவார் வரம்பிலிருந்து வயலுக்குள் நாற்றுமுடி எறிவதுபோல எறிந்தார்கள். கை பிசகவில்லை, ஆனால் ஒருவரும் நகரவில்லை. பதினான்கு பேரும் நட்ட இடத்தில் நிற்க, நடுவர் மட்டும் இரு கோலுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தார். பார்க்க வந்த சனம் அவருக்குத்தான் கைதட்டியது. எனக்குப் பின்னால் ஒருவர், "அவர் நல்லா விளையாடுறார். மற்ற ஆக்கள் ஏன் குறுக்கை நிக்கினம்?" என்று கேட்டார்.

4.14க்கு ஆட்டம் முடிந்தது. கணபதியர் எழும்பி, "ஒன்பதுக்கு ஒன்பது, சமன்" என்றார்.

"எங்களுக்குப் பத்து அப்பு. நான் எண்ணினனான்" என்றார் தேவன்.

"முதல் போட்டதைச் சேர்க்கேல்லை. அது அம்மாளுக்கு."

"எந்த அம்மாளுக்கு?"

"வற்றாப்பளை அம்மாளுக்கு. இப்பதானே கோயிலிலை பொங்கல் முடிஞ்சது."

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலைச் சாமிக்கென்று வேறாகக் கொட்டிவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்துதான் கணபதியர் எண்ணுவார். அன்றும் அப்படியே செய்திருக்கிறார். முதல் கோல் முள்ளிவாய்க்காலுடையது. அதைத் தாளின் உச்சியில் ஒரு கோடாகப் போட்டு, வட்டமிட்டு, சந்தனம் இல்லாத குறையாக ஒதுக்கி வைத்திருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தும் காணவில்லை. என் கண் கடிகாரத்தில் இருந்தது.

"நெல்லுக்குச் சரி. கோலுக்குமோ அப்பு?" என்றார் தேவன்.

"எண்ணத் தொடங்கினால் முதலாவது சாமிக்கு. நெல்லெண்டா என்ன, கோலெண்டா என்ன?"

முத்துச்சாமி கையைக் கட்டிக்கொண்டு மிகப் பணிவாகச் சொன்னார்: "சாமிக்குக் குடுத்தத எப்படிங்க திருப்பிக் கேக்கிறது? நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. அவங்களே யோசிக்கட்டும்."

தேவன் யோசித்தார். கடலுக்கு இறங்குமுன் வற்றாப்பளைத் திசை பார்த்துக் கும்பிடாமல் ஒருநாளும் வள்ளம் தள்ளாதவர் அவர். "அம்மாளிட்டை இருந்து பறிச்சுப்போட்டு நான் நாளைக்குக் கடலுக்குப் போறதோ? ஏலாது. ஆனா வெண்டதைச் சமன் எண்டு ஒப்பம் வைக்கவும் மாட்டன். ஊருக்குப் போய் என்னெண்டு முகம் காட்டுறது?"

அவருடைய ஒப்பம் இல்லாவிட்டால் முடிவுத்தாள் இல்லை. முடிவுத்தாள் இல்லாவிட்டால் சங்கம் இல்லை. இன்னொரு தடவை அவர்களைக் கூட்டிவர லொறியும் இல்லை. நூறு மீற்றர் இப்போது "இல்லை. நல்லது" என்று ஏதாவது செய்து காரியத்தைக் கெடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, முடிவுத்தாளை முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். நேரம் 4.31. அப்படியே இருந்தார். காலும் ஆடவில்லை. சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது. லொறிச் சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார். முத்துச்சாமி இருந்தார், எழும்பினார், மீண்டும் இருந்தார். தேவன் மைதானத்தைச் சுற்றி நான்கு தரம் நடந்தார். 5.22க்கு மேசைக்கு வந்தார். ஐம்பத்தொரு நிமிடம். நான் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் தலைவர் பேசாமல் இருக்கிறியள்? ஏதாவது சொல்லுங்கோவன்."

"நான் அவசரப்படுத்தினா நீர் மனமில்லாமல் ஒப்பம் வைப்பீர். ஆறுதலா யோசியும்."

"உங்களுக்கு ஏன் இந்தத் தாள் இவ்வளவுக்கு?"

நூறு மீற்றர் தாளைப் பார்த்தபடி சொன்னார்: "கொழும்பிலை கடைசி ஓட்டத்துக்குத் தெரிவானனான். வெடி கேக்க முதல் ரண்டு தரம் வெளிக்கிட்டிட்டன். விலத்திப் போட்டாங்கள். அடுத்தநாள் முடிவுத்தாள் ஒட்டியிருந்தவை. எட்டுப் பேரிலை ஏழு பேற்றை பேர்தான் கிடந்தது. நான் அங்கை போனதுக்கே அத்தாட்சி இல்லை. இதிலை கீழை தலைவர் எண்டு ஒரு இடம் இருக்கு. அதுதான்."

இந்தக் கதையை எனக்கும் அவர் சொன்னதில்லை.

தேவன் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு பேனாவை எடுத்தார். "ஒன்பதுக்கு ஒன்பது எண்டே இருக்கட்டும். ஆனா செக்கிரட்டரி, கீழை ஒண்டு எழுதுங்கோ. முதல் கோல் முள்ளிவாய்க்காலாற்றை கையாலை அம்மாளுக்குப் போனது எண்டு."

"எழுதுங்க சார், அது உண்மைதானே" என்றார் முத்துச்சாமி.

குறிப்பு என்ற இடத்தில் அதை எழுதினேன். இருவரும் ஒப்பமிட்டார்கள். கடைசியாக நூறு மீற்றர் தன் முழுப்பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் கொப்பியில் எழுதுவதுபோல எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமைச் சங்கத்தின் பதில் வந்தது. பதிவு தொடரும் என்றும், "அம்மாள்" என்ற வீராங்கனையின் பதிவிலக்கத்தையும் வயதையும் தாமதமின்றி அனுப்பவும் என்றும் எழுதியிருந்தார்கள். அதைக் கணபதியருக்கு வாசித்துக் காட்டினேன். "வயது சொல்லேலாது" என்றார்.

அது பிந்திய கதை. ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை 5.30க்கு எழும்பியதும் முதல் வேலையாக முடிவுத்தாளைக் காபன் தாள் வைத்துப் பிரதி எடுத்தேன். விதிப்படி மூன்று பிரதி. நான் நான்காவது தாள் ஒன்றையும் வைத்தேன். நான்காவதில் எழுத்து மங்கித்தான் விழுந்தது. அவர் பெயரை மட்டும் பேனாவால் மேலே ஒருமுறை எழுதினேன். அதை மடித்துக்கொண்டு சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா.

"இன்னும் நித்திரை தம்பி. இப்பிடி ஒருநாளும் படுத்த மனிசன் இல்லை. எழுப்பட்டோ?"

"வேண்டாம் அக்கா" என்று தாளை அவாவின் கையில் கொடுத்தேன். "ஆறுதலா எழும்பட்டும்."