முதலாளி தின்ற சீட்டு

குதிரைக்குக் கால் வலித்தால் தானும் நொண்டி நடக்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மேற்குத் தாம்பரத்தில், எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் லாடம்.

கல்யாணத்துக்குக் குதிரை பேச யாராவது போன் செய்தால், "முதலாளி சாப்ட்டுகினு கீறாரு, அப்பால பேசு" என்று வைத்துவிடுவார். ஏதோ பெரிய கம்பெனி போலிருக்கிறது என்று பயபக்தியோடு காத்திருந்தவர்கள் உண்டு. முதலாளி என்றால் அந்த வெள்ளைக் குதிரைதான். "சோறு போட்றவரு முதலாளி இல்லாம வேற இன்னா சாமி?" என்பார். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன் என்பதால் நான் அவருக்குச் சாமி.

முதலாளிக்கு வலது முன்னங்காலில் வீக்கம் வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, ஊர்வலத்தில் நாலு தெரு மெதுவாக நடக்கலாம், ஆனால் மண்டபத்துக்கு மண்டபம் தார் ரோட்டில் நடத்திக் கூட்டிப் போனால் கால் போய்விடும் என்றார். வித்துட்டு வேற வாங்கு என்று டீக்கடையில் யாரோ சொன்னதற்கு லாடம் ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. முடிச்சூர் ரோட்டில் வெல்டிங் பட்டறையில் சொல்லி, குதிரை நிற்க ஒரு டிரெய்லர் செய்துகொண்டார். அதை இழுக்க ஒரு பழைய ஜீப் வேண்டும். டீசலா, பெட்ரோலா, காஸா? முதலாளிக்குக் கொள்ளு வாங்கியது போக மிஞ்சுகிற காசில் அது ஓடியாக வேண்டும். ஆரம்பித்தது தலைவலி.

டீசல் ஜீப் நன்றாக இழுக்கும் என்றார் மெக்கானிக். லாடம் டிரெய்லரில் ஏறி, குதிரை நிற்கிற இடத்தில் கழுத்தை நீட்டி நின்றுகொண்டு, "இப்ப ஆக்சிலேட்டர மிதி" என்றார். மெக்கானிக் மிதித்தார். இறங்கி வந்த லாடத்துக்குப் பல் மட்டும்தான் வெள்ளை.

"யோவ், இன்னாயா பண்ற?"

"முதலாளி மூக்கு எந்த ஒசரத்துல கீதோ, அங்க என் மூக்க வெச்சேன். ஆவாது."

"புகைக்குழாய மேல திருப்பிக்கலாம்யா!"

இதனால் டீசலை முழுசாகத் தள்ளவும் முடியவில்லை. பெட்ரோல் ஜீப் அலுங்காமல் போனது, ஆனால் கொள்ளுக் காசையும் சேர்த்துக் குடிக்கும். காஸ் சிலிண்டர் மாட்டிய ஜீப்பில் செலவும் குறைவு, புகையும் இல்லை, ஆனால் பங்க்கில் நீள வரிசை. கரண்ட் வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு சோடா வாங்கிக் குடித்தார்.

ஒரு மாதம் இப்படிப் போனது. தூக்கம் போய், ஆள் பாதியானார். நான்தான், "முருகன்கிட்ட விட்டுடலாம், சீட்டு எழுதிப் போடுவோம்" என்றேன். மூன்று சீட்டு எழுதி, ஒவ்வொன்றையும் வெற்றிலையில் பூவோடு மடித்து, குதிரைக் கொட்டகையில் முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணை மூடி மனமுருக வேண்டினேன். கண்ணைத் திறந்தால் தட்டில் இரண்டு மடிப்புதான் இருந்தது. முதலாளியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"சாமி, முதலாளி சொல்ட்டாரு!" என்றார் லாடம்.

"என்ன சொன்னாரு? பிடிச்சதுன்னு தின்னாரா, வேண்டாம்னு தின்னாரா?"

"புடிக்காத எதையாவது அவரு துன்னு பாத்துகிறியா?"

மற்ற இரண்டையும் பிரித்தோம். டீசல், பெட்ரோல். அப்படியானால் காஸ். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பின் பலன் எனக்கே வந்து சேர்ந்தது. தை மாதம் என் மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டார் சீர் எதுவும் கேட்கவில்லை, மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். மண்டபம் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில். தைப்பூசம், சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல் விடுமுறை. ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஜி.எஸ்.டி. ரோட்டில். குதிரை நேரத்துக்குப் போய்ச் சேராதோ என்ற பயத்தில், பட்டு வேட்டியோடு நானே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் தாண்டியதும் ஜீப் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"காஸ் போட்டீங்களா இல்லையா?"

"காலைல போனேன், பங்க்குல ஸ்டாக் இல்ல. இப்ப வர்றப்ப நின்னேன். நாப்பது வண்டி முன்னால. முதலாளிய வெயில்ல நிக்க வெச்சிட்டு எப்டி சாமி? அதான் வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் முருகன் பெயரே மறந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "குதிரைய எறக்கி ஜீப்புல கட்டுங்கண்ணா, இழுத்துட்டுப் போவும்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். லாடம் சிரிக்கவில்லை.

"இறக்குங்க," என்றேன். "ஒன்றரை கிலோமீட்டர்தானே, நடத்திக் கூட்டிட்டுப் போயிடலாம். சம்பந்தி காத்துக்கிட்டிருக்காரு."

அவர் டிரெய்லர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். "அந்தக் கால்ல இன்னிக்கு நாலு தெருவுக்குத்தான் தெம்பு கீது சாமி. பத்து நாளா ஒரு ஆர்டரும் எடுக்காம அத்த சேத்து வெச்சிகினு கீறேன். உன் பொண்ணு கல்யாணத்துல முதலாளி நொண்டக் கூடாது."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தேன். "அரோகரா!" என்று ஒரு குரல் வந்தது, உடனே பத்துக் கைகள் சேர்ந்தன. திருச்சி பஸ்ஸுக்கு நின்றவர்களும் கவலையில்லாமல் தள்ளினார்கள். அந்த பஸ் எங்கள் பின்னால், எங்கள் வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது. முதலாளி மட்டும் டிரெய்லரில் நின்றபடி, புறப்பாட்டுச் சாமி போல எல்லாரையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டப வாசலில் சம்பந்தி வாயில் கை வைத்தபடி நின்றார். "மாப்பிள்ளைய கூட்டிட்டு வரக் குதிரை கேட்டோம். குதிரைய கூட்டிட்டு வரச் சம்பந்தியா!"

நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குதிரை அருகே போனார். "நான் ஏறலை மாமா. கூடவே நடந்து வரேன்." மாலையும் கழுத்துமாக அவர் ஒரு பக்கம், ரோட்டுப் புழுதியைக் கழுவாத முகத்தோடு லாடம் மறு பக்கம், நடுவில் முதலாளி. நாலு தெருவும் ஒரு அடிகூட நொண்டவில்லை. குதிரையும் சரி, லாடமும் சரி.

இப்போதும் கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் மலையேறுகிறேன். வீட்டார் பெயர்களைச் சொல்லி முடித்ததும், "முதலாளி பேருக்கும் ஒரு அர்ச்சனை" என்பேன். ஒருமுறை குருக்கள், அவரோடு சேர்த்து வேறு யார் பெயராவது உண்டா என்று கேட்டார். லாடத்தின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"முதலாளின்னு மட்டும் சொல்லுங்க சாமி, போதும்" என்றேன். "அந்த மனுஷன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருப்பாரு."